பாடப் போனவளுக்கு மார்க் இல்லை

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. மதுரை பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தாலும் பாளையம்பட்டி தாண்டுவதற்குள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் இருந்தாலும் சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொள்வேன். "இவளக் கால்ல சக்கரத்தக் கட்டித்தான் பெத்துருக்காக" என்று நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் சொன்னார். இப்போது சொல்வதில்லை, அவருக்கும் பழகிவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு உடற்கல்வி ஆசிரியை வேலையைவிடப் பொருத்தமானது வேறு என்ன இருக்கிறது? அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து சீமைக் கருவேலம் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் பள்ளி. தனியார் பள்ளி. பின்னால் பெரிய மைதானம். கரிசல் தரையின் மேல் செம்மண் லோடு அடித்து நிரவியது. கோடையில் செம்மண்ணையும் பிளந்துகொண்டு கரிசல் வாயைத் திறக்கும். மழை பெய்தாலோ ஷூவோடு சேர்ந்து பாதி மைதானம் வகுப்பறைக்குள் வந்துவிடும். ஆயாம்மா என்னைத்தான் திட்டுவார், மழையை நான் வரவழைத்த மாதிரி.

அந்த மைதானத்தில் எனக்கென்று டைம்டேபிளில் பீரியடு உண்டு. கையில் கிடைப்பதுதான் அபூர்வம். ஆகஸ்ட் தாண்டிவிட்டால் போதும், கணக்கு சார் காலையிலேயே ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும். "மிஸ், போர்ஷன் முடியல. இன்னைக்கு மட்டும் ஒங்க பீரியடக் குடுத்துருங்க." மறுநாள் கெமிஸ்ட்ரி மிஸ் வருவார். அதற்கு மறுநாள் இங்கிலீஷ் மிஸ். என் பாடத்திலிருந்து எடுத்தால் யாருக்கும் குறையாது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிள்ளைகள் மட்டும் மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். நான் கீழே காலியான மைதானத்தில் விசிலோடு நடந்துகொண்டிருப்பேன். நடக்காமல் என்ன செய்வது?

பிறகு எங்கள் பள்ளி மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியது. பேர்ப்பலகை மாறியது, ஃபீஸ் மாறியது, டையும் மாறியது. ஒருநாள் பிரின்ஸிபால் மேடம் கூப்பிட்டு, "இனிமே உடற்கல்வியும் ஒரு சப்ஜெக்ட். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு நடத்தணும், பிளஸ் டூல அதிலயும் போர்டு எக்ஸாம் இருக்கு. புத்தகம் இருக்கு. மார்க் இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மார்க் இருக்கிற பாடத்தின் பீரியடை எவனும் இரவல் கேட்க முடியாதல்லவா? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ காரச்சேவு வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். "நானும் வாத்தியார் ஆயிட்டேன்" என்றேன்.

புத்தகம் வந்தது. இங்கிலீஷில், செங்கல் கனத்தில். எலும்பு, தசை, மூட்டு எந்தக் கோணத்தில் மடங்குகிறது, போட்டி அட்டவணை போடுவது எப்படி, ஊட்டச்சத்து, மன அழுத்தம், யோகா எந்த நோய்க்கு எது. எல்லாம் நல்ல விஷயங்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மாடியில், ஃபேனுக்குக் கீழே, சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நடத்த வேண்டும். முதல் வகுப்பில் மேஜைக்கும் கரும்பலகைக்கும் நடுவே நான் நடந்த நடையைப் பார்த்து முன்பெஞ்சுப் பிள்ளைக்குக் கழுத்து வலித்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே மைதானம் வெயிலில் சும்மா கிடந்தது. பீரியடு கைக்கு வந்த அன்றைக்கே மைதானம் கையைவிட்டுப் போயிருந்தது.

பாடக்குறிப்பு எழுதச் சொன்னார்கள். 'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று யோசித்து, கீழ் வகுப்பு ஓட்டப் பயிற்சிக்கு 'பிள்ளைகள் ஓடுவார்கள்' என்று எழுதினேன். எங்கள் கோ-ஆர்டினேட்டர் சார் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். "இது மெஷர் பண்ற மாதிரி இல்லையே மேடம்."

"ஸ்டாப் வாட்ச் வச்சு மெஷர் பண்ணலாமே சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். மேலேயிருந்து வருகிற சுற்றறிக்கைக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் அனுப்ப வேண்டியவர் அவர். தினமும் எல்லாப் பிள்ளைகளும் விளையாட வேண்டும், அதற்குப் போட்டோ ஏற்ற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தபோது அவர்தான் மேல் வகுப்புகளை வரிசையாகக் கீழே இறக்கினார். ஆளுக்கொரு பந்தைப் பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மேலே போய்விட்டார்கள். "மிஸ், வேர்த்த மாதிரி மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிறவா?" என்று ஒரு பையன் என்னிடம் அக்கறையாகக் கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட வேண்டும்போல ஆத்திரமும் வந்தது.

அந்த வருஷம் பிளஸ் ஒன்னில் வந்து சேர்ந்தாள் அந்தப் பெண். திருச்சுழி தாண்டி ஒரு கிராமம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நரிக்குடிப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றுவார். அம்மா நூல் மில்லுக்கு வேனில் போகிறவர். அவர்களுடைய அப்பா, அம்மாவெல்லாம் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். இவளை இங்கிலீஷ் ஸ்கூலில்தான் படிக்கவைப்பது என்று அந்த அப்பா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார்.

நான் அவளைக் கவனித்தது வகுப்பில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டாம் வகுப்புப் பொடிசுகள் கபடி ஆடிக்கொண்டிருந்தன. இவள் டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, யூனிஃபார்ம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் பாடின பாட்டு இருக்கிறதே! மூச்சு எங்கேயும் பிசிறவில்லை. தலையைக் குனிந்து, கையை நீட்டி, கண் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். அவர்கள் ஊரில் பொங்கலுக்குப் பெண்களுக்கும் கபடி நடத்துவார்களாம். அதில் ஆடிப் பழகிய கால்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கபடியில் எதிர்க்களத்துக்குள் போவதைப் 'பாடப் போறது' என்றுதான் சொல்வோம். போகிறவள் பாடுறவ. கபடி கபடி என்று விடாமல் சொல்வது பாட்டு. உள்ளே தள்ளிப் போனால் ஏறிப் பாடுறது. மூச்சு விட்டால் பாட்டு அறுந்தது. பிடிபட்டால் செத்தாள். பதிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரை அவுட்டாக்கினால், இந்தப் பக்கம் செத்தவளுக்கு உயிர் வரும். நானும் இந்த வார்த்தைகளில்தான் ஆடி, காலேஜ் டீம் வரைக்கும் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு ஃபிஸிக்ஸ் ஏறவேயில்லை. என்ன செய்தாலும் பத்து, பன்னிரண்டு மார்க்தான். பிளஸ் ஒன் முடிவில் அப்பாவை வரச்சொல்லி கோ-ஆர்டினேட்டர் சார் விளக்கினார். நானும் நின்றிருந்தேன். ஐந்து பாடத்தோடு ஆறாவதாக உடற்கல்வியையும் அவள் எழுதுகிறாள். ஐந்தில் ஒன்று போய், உடற்கல்வியில் செய்முறை, எழுத்துத் தேர்வு இரண்டிலும் பாஸாகிவிட்டால், அந்த ஒன்றுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்வார்கள். ரிசல்ட் பாஸ் என்றே வரும்.

அப்பா தனக்குப் புரிந்ததைச் சொல்லிப் பார்த்தார். "அப்ப வெளையாட்டுதான் இவளக் காப்பாத்தணும்னு சொல்றீக."

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்றார் சார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இவ ஒங்கள மாதிரி பி.டி. டீச்சராவேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. மதுரையில காலேஜு இருக்காம்ல. பாஸானா சேத்துவிடுதேன். பெயிலானா எனக்கு இன்னொருக்க படிக்கவைக்கத் தெம்பு இல்ல. அவுக அம்மா மில்லுல சொல்லிவச்சிருக்கா, ஆள் எடுக்குறாகளாம்."

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்தப் பிள்ளை காலேஜுக்குப் போவதா மில் வேனில் ஏறுவதா என்பது என் பாடத்தில் தொங்குகிறது என்று. நியாயமாகப் பார்த்தால் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். கபடியில் அவளை அசைக்க ஆள் கிடையாது. ஆனாலும் தைரியம் வரவில்லை.

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் ஏன் என்று தெரிந்தது. விருப்பமான ஒரு விளையாட்டின் திறன்களையும் விதிகளையும் விளக்குக என்று நானே பெரிய கேள்வியாக வைத்திருந்தேன், அவளுக்காகத்தான். பேப்பர் திருத்தும்போது அவளுடையதை முதலில் தேடி எடுத்தேன். பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். "சிங்கர் கிளைம்ப்ஸ் அண்ட் சிங்ஸ். இஃப் சாங் கட், சிங்கர் டெட். ஒன் ஹோல்டர் டெட், அவர் டெட் கேர்ள் கெட்ஸ் லைஃப்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்திலிருந்த இங்கிலீஷ் மிஸ் எட்டிப் பார்த்து, வாங்கி, சத்தமாகப் படித்தார். ஸ்டாஃப் ரூம் முழுக்க அதிர்ந்தது. "பாட்டுக் கச்சேரியில கொலை நடந்துருக்கு" என்றார் கணக்கு சார். எனக்குச் சட்டென்று முகம் சுட்டது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றபடியே மறுபடி படித்தேன். ஒரு வரி தப்பில்லை. பாடுகிறவள் எப்போது கையை நீட்ட வேண்டும், எப்போது காலை வீச வேண்டும், பிடிக்கிறவர்கள் சங்கிலி போட்டால் எந்தப் பக்கம் உடைக்க வேண்டும், எல்லாம் இருந்தது. விடைக்குறிப்பில் இருக்கிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. பாடுறவளுக்கு ரெய்டர் இல்லை, பாட்டுக்குக் கேன்ட் இல்லை, கால்விரலால் தொடுவதற்கு டோ டச் இல்லை.

நான் முழு மார்க் போட்டேன். கோ-ஆர்டினேட்டர் சார் பேப்பர்களைச் சரிபார்க்கும்போது அதைப் பிடித்துவிட்டார்.

"மேடம், இதுக்கு எப்படிக் குடுத்தீங்க?"

"எல்லாம் சரியாத்தான சார் எழுதிருக்கா?"

"எனக்கும் ஒங்களுக்கும் சரி. நானும் சாத்தூர்ப் பக்கம் கபடி ஆடுனவன்தான். போர்டு பேப்பரத் திருத்துறவரு எந்த மாநிலத்துல ஒக்காந்துருப்பாரு? சிங்கர்னா அவருக்கு என்ன தெரியும்? கீ வேர்டு இருந்தா டிக் போடுவாரு, இல்லேன்னா கோடு போடுவாரு. இப்ப நீங்க மார்க்கக் குடுத்து ஏமாத்துனா மார்ச்ல அவ மாட்டிக்குவா."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு மனுஷரிடம் சண்டை போடலாம் என்று போய், அவர் சரியாகப் பேசிவிட்டால் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதை இறக்கிவைக்க இடமே கிடையாது. மைதானத்தை வேகவேகமாகச் சுற்றினேன்.

அதே வகுப்பில் டவுனில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவருடைய மகன் ஒருவன் இருந்தான். மரியாதையான பையன். கபடிக் களத்தின் நீள அகலத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவன் விடைத்தாளை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம். "கீழ எறங்கி ஒருநாள் ஆடேன்பா" என்றால், "டஸ்ட் அலர்ஜி மிஸ்" என்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்கச் சொன்னதைப் படித்தான், கேட்டதை எழுதினான். ஆனாலும் அவனுக்கு முழு மார்க்கும் இவளுக்குக் கோடும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பாட்டுன்னு எழுதாத. கேன்ட்னு எழுது. பாடுறவன்னு எழுதாத. ரெய்டர்."

"அது பாட்டுத்தான மிஸ்?"

"பாட்டுத்தான். ஆனா எழுதாத."

தியரி பீரியடில் மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் தியரி நேரத்தில் பிள்ளைகள் ஏன் கீழே நிற்கிறார்கள் என்று கேட்பார்களாம். சரி, சாப்பாட்டு நேரம் என்னுடையதுதானே? சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டேன். பொடிசுகளை எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். உச்சி வெயில், மண்ணிலிருந்து எழுகிற காந்தல் முகத்தில் அடிக்கும். அவள் உள்ளே போவாள், நான் கோட்டோரமாகக் கூடவே ஓடுவேன்.

"இப்ப நீ யாரு?"

"பாடு... ரெய்டர் மிஸ்!"

"பாடப் போனா தாண்டியே ஆகணுமே, இது என்ன கோடு?"

"பால்க் லைன்!"

"மூச்சு விட்டுட்டா?"

"செத்துரு... கேன்ட் லாஸ்ட், ரெய்டர் அவுட்!"

தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு வாரத்தில் வாய் பழகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. மாடியில் நடத்துவதைவிட இது எவ்வளவோ தேவலை, கால் கையாவது அசைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் நன்றாக ஏறிப் பாடிக்கொண்டிருந்தாள். கடைசிக் கோடு வரைக்கும் போய், ஒரு பொடியனைக் காலால் தொட்டாள். திரும்பி ஓடிவர வேண்டியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "மிஸ், இப்பத் தொட்டது டோ டச்சா, ஃபுட் டச்சா?"

பொடிசுகள் அத்தனையும் அவள்மேல் விழுந்து அமுக்கின. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் மண்ணில் கிடந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் பாடப் போய் நடுவில் நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. விசிலை ஊதி எல்லோரையும் கை கழுவப் போகச் சொன்னேன். அன்று சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் மல்லாங்கிணறு வரைக்கும் போய், ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

பொங்கல் வந்தது. ஊரில் கபடி நடந்தது. அவள் ஆடப் போகவில்லை. பொங்கல் லீவு முடிந்ததும் மாதிரித் தேர்வு. "ஊருல எல்லாரும் கூப்புட்டாக மிஸ். நான்தான் கபடி படிக்கணும்னு வரலேன்னுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் விழித்தாள். நான் அவள் தோளைத் தட்டி, நல்ல காரியம் என்றேன். வேறு என்ன சொல்வது? பெயிலானால் மில் வேன் காத்துக்கொண்டிருக்கிறது.

மாதிரித் தேர்வில் பரவாயில்லாமல் எழுதியிருந்தாள். நடுநடுவே 'சிங்' என்று எழுதி அடித்து, மேலே 'ரெய்டு' என்று எழுதியிருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை. பாஸ் மார்க்கைத் தொட்டும் தொடாமல் நின்றது. நான் இன்னும் நோட்ஸ் கொடுத்தேன். கபடி மட்டும் இல்லை, கோ-கோ, வாலிபால், எல்லாவற்றுக்கும் வகுப்பு முழுமைக்கும் கொடுத்தேன். மற்றவர்களுக்குக் குறையக் கூடாதல்லவா?

போர்டு தேர்வன்று சென்டர் வாசலில் வேப்ப மரத்தடியில் மற்ற அம்மா அப்பாக்களோடு நானும் நின்றேன். உட்காருங்க டீச்சர் என்று ஒருவர் துண்டை விரித்தார். உட்காரவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்ததும் எண்ணெய்க் கடைக்காரர் மகனிடமிருந்து கேள்வித்தாளை வாங்கினேன். விருப்பமான ஒரு விளையாட்டின் திறன்களை விளக்குக. வந்துவிட்டது! நான் அரையாண்டுக்கு வைத்த அதே கேள்வி கிட்டத்தட்ட. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்கலாம் போலிருந்தது. அவள் கூட்டத்திலிருந்து கையை ஆட்டினாள். "நல்லா எழுதிருக்கேன் மிஸ்! பஸ்ஸு வந்துருச்சு, வாரேன்!" துப்பட்டா பறக்க ஓடினாள்.

ரிசல்ட் வந்த அன்று காலையிலிருந்து செல்போனை வைத்துக்கொண்டு வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தேன். பக்கத்து விசைத்தறிக்காரர், "என்ன டீச்சர், ஒங்க பிள்ளைக்கா ரிசல்ட்டு?" என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன். அப்பாதான் கூப்பிட்டார். ஃபிஸிக்ஸ் போய்விட்டது. உடற்கல்வி எழுத்துத் தேர்வில் பாஸ் மார்க்குக்கு மேல் இரண்டே மார்க். பாஸ்.

"டீச்சர், சொன்னபடி வெளையாட்டு காப்பாத்திருச்சு" என்றார். "மதுரையில சேத்துவிட்டுருதேன். சொன்னா சொன்னதுதான்."

நான் அழுதுவிட்டேன். வெட்கப்பட என்ன இருக்கிறது? மறுநாள் ஸ்டாஃப் ரூமில் நான் அடித்த தம்பட்டத்துக்கு அளவே இல்லை. வெயிலில் கோடு போட்டது, ஒவ்வொரு வார்த்தையாக அவள் நாக்கில் ஏற்றியது, எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். "பாடத்த மைதானத்துல வச்சு நடத்துனா எப்படி நிக்கும்னு பாத்தீங்களா சார்?" என்று கோ-ஆர்டினேட்டரிடமே போய்க் கேட்டேன். அவரும் பெரிய மனசோடு, "ஒத்துக்கிறேன் மேடம். வர்ற வருஷம் வேணும்னா தியரியக் கீழ வச்சே எடுங்க, நான் பிரின்ஸிபால்கிட்டப் பேசுறேன்" என்றார்.

டி.சி. வாங்க அவள் ஜூனில் வந்தாள். சுடிதார் புதுசு. கையில் எனக்கென்று ஒரு பை நிறையப் பனங்கிழங்கு மாவு. ஆஃபீஸில் கையெழுத்தானதும் இருவரும் மைதானத்து ஓரமாக நடந்தோம். எனக்கு என் வெற்றியை இன்னொரு தடவை கேட்க ஆசை.

"கபடிக் கேள்விக்கு எத்தன பக்கம் எழுதுன?"

"கபடி எழுதலையே மிஸ்" என்றாள், சாதாரணமாக. "பாஸ்கெட் பால்தான் எழுதுனேன்."

நான் நின்றுவிட்டேன். எங்கள் பள்ளியில் கூடைப்பந்து வளையமே கிடையாது. நான் கொடுத்த நோட்ஸின் கடைசிப் பக்கங்களில் மட்டும்தான் அந்த ஆட்டம் இருந்தது. அவள் அந்தப் பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை.

"ஏன்டி?"

"கபடிதான் மிஸ் மொதல்ல ஆரம்பிச்சேன். அரைப் பக்கம் எழுதுறதுக்குள்ள மூணு எடத்துல பாட்டுன்னு வந்துருச்சு. அடிச்சு அடிச்சுப் பாத்தேன். கை கேக்க மாட்டேங்குது. பயமாப் போச்சு. அப்புறம் மொத்தமாக் குறுக்கக் கோடு போட்டுட்டு பாஸ்கெட் பால எழுதிட்டேன். அதுக்கு நம்மகிட்ட ஒரு வார்த்தையும் இல்லேல மிஸ், அதனால தப்பே வராது. டிரிப்ளிங், பாஸ், ரீபவுண்டு, அப்படியே மனப்பாடம். அந்தக் கேள்விதான் கரையேத்திருச்சு பாருங்க!"

அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. புத்திசாலித்தனமாகத் தப்பித்துவந்த பெருமை மட்டும்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். "நான் செஞ்சது சரிதான மிஸ்?"

சரிதான் என்றேன். பொய்யில்லை. கபடியை எழுதியிருந்தால் இந்நேரம் அவள் மில்லில் இருந்திருப்பாள். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, காலேஜ் திறந்ததும் போன் பண்ணுவதாகச் சொல்லி, திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றே ஒன்றின்மேல் குறுக்கே கோடு போட்டதால்தான் அந்தப் பிள்ளை பாஸானாள். அதைச் சரி என்று சொன்னது நான்தான்.